உப்புக் கரித்த ஒன்பது கூலர்கள்

“கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வருமா மாமா?”

பட்டறையைச் சுற்றிப் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளில் ஒரு சின்னப் பெண் ஒருமுறை தொழிலாளி சிரிலிடம் இப்படிக் கேட்டாளாம். சிரில் சிரிக்கவில்லை. மண்டி போட்டு அவள் உயரத்துக்கு இறங்கி, வரும் கண்ணு, அதிலும் படம் வரைகிற கார்டுக்குத்தான் காய்ச்சல் அதிகம் என்றாராம். சினிமாவுக்கும் விளையாட்டுக்கும் ஓயாமல் படம் வரைந்து தள்ளுகிற கார்டு அது, கொதித்துப் போகும். அம்மா நெற்றியில் ஈரத்துணி போடுகிற மாதிரி, நாங்கள் அதன் நெற்றியில் ஒரு செம்புத் தகடு வைக்கிறோம். தகட்டுக்குள் தலைமுடி அகலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீர் ஓட விடுகிறோம். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய் விசிறியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். வைத்தியம் அவ்வளவுதான்.

இந்தக் கதையைத் துப்பறிவாளர் ஓட்டோன் வித்மாருக்குச் சொன்னவர் பட்டறையின் முதலாளி தார்யா.

“இப்படிப் பேசுற மனுஷன் தண்ணியில உப்பைப் போட்டிருப்பாரா, நீங்களே சொல்லுங்க சார்” என்றார். அடுத்த மூச்சிலேயே, இன்று பகல் ஒரு மணிக்குள் வேறு விளக்கம் கிடைக்காவிட்டால் சிரிலின் பெயரைப் போலீஸுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வேலையிலிருந்தும் நிறுத்துவதைத் தவிர வழியில்லை என்றும் சொன்னார். கண்கள் சிவந்திருந்தன. தூங்கி நாலு நாள் ஆகியிருக்கும்.

விஷயம் இதுதான். தலைநகர் லுப்லியானாவில் கார்ட்டூன் படம் எடுக்கிற ஒரு ஸ்டூடியோவுக்கு, கம்னிக் ஊருக்கு வெளியே இருந்த அந்தப் பட்டறை நாற்பது கம்ப்யூட்டர்களுக்குத் தண்ணீர்க் கூலர் பொருத்திக் கொடுத்திருந்தது. ஜனவரி முடிவதற்குள் ஒன்பது கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் முலாம் உரிந்து, கால்வாய்களில் பச்சைக் களிம்பு அடைத்திருந்தது. பரிசோதனைக்கூடம் ஒரே வரியில் பதில் எழுதியது: தண்ணீரில் உப்பு. பேட்டரிக்கு ஊற்றுவது போன்ற சுத்தத் தண்ணீர் மட்டுமே போகவேண்டிய இடத்தில் உப்பு தானாக வராது. யாரோ போட்டிருக்க வேண்டும். யார் என்று சொல்லாவிட்டால் மீதி எல்லாவற்றையும் திருப்பி அனுப்புவோம் என்றது ஸ்டூடியோ.

ஸ்டூடியோவின் கடிதம் வந்த அன்றே ஃபோர்மேன் லுத்விக், ஷிப்ட் முழுவதும் நிற்க, எல்லார் முன்னாலும் கையை நீட்டிவிட்டார். தண்ணீர்க் கேனைத் தொடுவது ஒரே கை, அது சிரிலின் கை என்றார். சிரில் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தார். மேலங்கியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான்.

தண்ணீர் நிரப்பிச் சோதிக்கிற டெஸ்ட் ரூமுக்குள் ஓட்டோன் நுழைந்தபோது அவருடைய உதவியாளர் ஸ்லாவ்கா ஏற்கெனவே ஏணி மேல் நின்றிருந்தாள். ஸ்லாவ்கா அவர் மனைவியின் தங்கை. இருபது வருஷம் டாக்சி ஓட்டியவள். அத்தானுக்குக் கார் ஓட்டவும் தெரியாது, ஆட்களைக் கண்டு பயப்படவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு இந்தத் தொழிலுக்குத் துணை வந்தவள்.

“அத்தான், இங்க ஒரு குல்லா மாட்டியிருக்கு பாருங்க.”

கூரையில் இருந்த புகை அலாரத்தின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. ரப்பர் பேண்டு போட்டு இறுக்கியிருந்தது. புகை வந்தாலும் அலாரம் அடிக்காது. கீழே நின்ற லுத்விக்கின் கழுத்து சிவந்தது. எப்போதாவது ஒரு சிகரெட், முதலாளி காதுக்குப் போக வேண்டாம் என்று முணுமுணுத்தார். அறுபது வயதுக்காரர், போன அக்டோபரில் மனைவி ரோஸாலியாவை இழந்தவர். ஓட்டோன் தலையசைத்தார். துக்கத்தில் இருப்பவனின் சிகரெட்டை எண்ணுவது அவர் வழக்கம் இல்லை. ஸ்லாவ்கா மட்டும் பையைக் கழற்றி, அண்ணன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒளிஞ்சு பிடிக்கிறார் பாருங்க என்று சொல்லிச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

பிறகு லுத்விக் நிரப்பு அட்டைகளை மேஜையில் பரப்பினார். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் அட்டை: எந்த நாள், எத்தனையாவதாக, யார் தண்ணீர் நிரப்பியது. நாற்பதிலும் சிரிலின் கையெழுத்து. வேலை எளிமையானது. மூலையில் பெரிய டிரம். அதிலிருந்து ஒரு கேனில் பிடித்துவைத்து, கேனிலிருந்து கூலருக்கு நிரப்புவார்கள். ஒரு கேன் மூன்று கம்ப்யூட்டருக்கு வரும். மாலையில் கேனைக் கழுவி, மறுநாளுக்கு நிரப்பி, மூடி வைத்துவிட்டுப் போவது பழக்கம்.

அறைக்கு மூன்று சாவி. ஒன்று சிரிலிடம், ஒன்று லுத்விக்கிடம், ஒன்று தார்யாவிடம். தார்யா கிறிஸ்துமஸுக்கு முன்பே கோபெரில் மகள் வீட்டுக்குப் போனவர்; ஜனவரி ஏழாம் தேதிதான் திரும்பினார்.

ஓட்டோன் கெட்டுப்போன ஒன்பதின் அட்டைகளை மட்டும் பொறுக்கி எடுத்தார். அவை மூன்று மூன்றாகப் பிரிந்தன. 

“சிரில் வீட்டுக்கு வழி தெரியுமா?” என்று ஸ்லாவ்காவிடம் கேட்டார்.

பனி உழுது ஒதுக்கிய சாலையில் கார் மெதுவாகப் போனது. மணி பத்தரை. ஸ்லாவ்கா கண்ணாடிக்குக் கீழே ஹீட்டர் வாய் மேல் அந்த பிளாஸ்டிக் பையைக் காயப்போட்டிருந்தாள். பனியில் விழுந்து ஈரமாகிவிட்டதாம்.

ஓட்டோன் தான் கண்டதைச் சொன்னார். முதல் மூன்றும், கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பட்டறை திறந்த காலையில் முதலில் நிரப்பியவை. அடுத்த மூன்றும், புத்தாண்டு விடுமுறை முடிந்து திறந்த காலையில் முதலில் நிரப்பியவை. கடைசி மூன்றும் ஜனவரி ஆறாம் தேதி காலை முதலில் நிரப்பியவை. ஆக மூன்று முறையும் முதல் கேன்தான் கெட்டிருக்கிறது. முந்தின மாலையோ, விடுமுறையிலோ, ஆள் இல்லாத நேரத்தில் உப்பு உள்ளே போயிருக்கிறது.

“கேன் நிரப்புறவர் கெடுக்கணும்னா பகல்லயே கெடுக்கலாமே” என்றாள் ஸ்லாவ்கா. “பூட்டின கதவைத் திறந்து வரணும்னு அவருக்கு என்ன தலையெழுத்து?”

“அதேதான். ஆனா ஆறாம் தேதி இடிக்குது. கிறிஸ்துமஸ் சரி, புத்தாண்டு சரி. அஞ்சாம் தேதி விடுமுறையே இல்லையே. அன்னிக்கு என்ன?”

 ஸ்லாவ்கா வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். 

“அத்தான், அஞ்சாம் தேதி சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?”

“வீட்டுல.”

“வீட்டுல என்ன செஞ்சீங்க?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள்; அதற்கு முந்தின மாலை அது. அவர் கையில் தணல் சட்டியைக் கொடுத்து, அதில் சாம்பிராணி தூவி, முன்னே நடக்கச் சொன்னாள் மனைவி. அவள் பின்னாலேயே தேவதாரு இணுக்கை, கோயிலில் மந்திரித்துத் தந்த தீர்த்தத்தில் தோய்த்து அறை அறையாகத் தெளித்து வந்தாள். அடுப்படி, படுக்கை, கோழிக்கூண்டு வரை. அந்த ஊர்ப்பக்கம் வருஷத்தில் மூன்று மாலை அப்படிச் செய்வார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, புத்தாண்டுக்கு முந்தின மாலை, மூன்று ராஜாக்களுக்கு முந்தின மாலை.

“மூணு மாலை” என்றார் ஓட்டோன்.

“மூணு மாலை” என்றாள் ஸ்லாவ்கா. “யாரோ பட்டறைக்கு மந்திரிச்சிருக்காங்க. கெடுக்க இல்லை அத்தான், நல்லா இருக்கணும்னு.”

அதில் சந்தோஷப்பட ஒன்றும் இல்லை. சாவி வைத்திருப்பவர்களில் கோயிலோடு ஒட்டியவர் ஒரே ஒருவர்தான். சிரில் அந்த ஊர்க் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, தீர்த்தத் தொட்டி நிரப்புவது எல்லாம் அவர்தான். காப்பாற்ற நினைத்த ஆளின் கழுத்தையே கயிறு தேடிப் போகிறது என்று ஓட்டோன் நினைத்தார். 

சிரில் அவர்களைச் சமையலறையில் உட்காரவைத்து, வால்நட் வைத்துச் சுருட்டிய ரொட்டியை நறுக்கி வைத்தார். மனைவி அக்கம்பக்கத்தில் தலைகாட்ட முடியாமல் தங்கை ஊருக்குப் போய்விட்டாளாம். கோயில் சாவியைப் பாதிரியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன், பேர் சுத்தமாகிற வரைக்கும் மணிக்கயிற்றைத் தொடக் கூடாது என்று நானே முடிவு செய்தேன் என்றார்.  சொல்லும்போது அவர் கை ரொட்டித் துண்டுகளை ஒரே அளவில் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கியது.

ஓட்டோன் மூன்று மாலைகளைப் பற்றிச் சொன்னார். சிரிலின் கை நின்றது.

“தீர்த்தத் தொட்டியை நீங்கதான் நிரப்புறீங்க?”

“ஆமாங்கய்யா.”

“வெறும் தண்ணியா?”

சிரில் கொஞ்சம் யோசித்தே சொன்னார். “இல்லைங்க. பாதிரியார் உப்பை மந்திரிச்சுக் குடுப்பார். நான் கரைப்பேன்.”

“எவ்வளவு?”

“எங்க பாதிரியாருக்குக் கை தாராளம்.”

ஸ்லாவ்கா வாயில் போட்ட ரொட்டியை மெல்ல மறந்தாள். ஓட்டோன் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார். உப்பு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. அதே கணத்தில் இந்த மனிதர் அதைச் செய்யவில்லை என்பதும் தெரிந்துவிட்டது. தன் கையால் உப்பைக் கரைப்பவர், உப்பு ஒரு துளி பட்டாலே கெட்டுப்போகும் தகட்டைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லத் தெரிந்தவர், அந்தத் தண்ணீரைக் கேனில் ஊற்றவே மாட்டார். ஊற்றியவர் தீர்த்தத்தில் உப்பு இருக்கிறது என்பதே அறியாதவர். அதாவது கோயில் பக்கமே போகாதவர்.

“பரிசோதனைக்கூடத்துல உப்புன்னு சொன்ன அன்னிக்கே உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்” என்றார் ஓட்டோன்.

சிரில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

“கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொட்டியில பாட்டில் நிரப்ப ஊரே வந்திருக்கும். அதுல புது முகம் யாராவது?”

“தொட்டிக்கு வர்றவங்க முகத்தை நான் பார்க்கிறதில்லைங்கய்யா.”

“உங்க பேர் ஒரு மணிக்குப் போலீஸுக்குப் போகுது.”

“தெரியும்.” எழுந்து கோப்பைகளைக் கழுவ ஆரம்பித்தார். முதுகைக் காட்டியபடியே பேசினார். “நாப்பது வருஷம் கழிச்சு ஒருத்தர் கோயில் வாசப்படியை மிதிச்சிருக்கார்னு வெச்சுக்கங்க. நீ வந்து எடுத்த தண்ணிதான் எல்லாத்தையும் நாசமாக்கிச்சுன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம் அவர் திரும்பி வருவாரா?”

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான், பெயரை மட்டும் விழுங்கிவிட்டு மற்றதெல்லாம் சொல்லிவிடுவார்கள். ஓட்டோன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் அந்த நல்ல மனிதர் முதல்முறையாகப் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

வெளியே வந்து கார்க் கதவைத் திறந்ததும் ஸ்லாவ்கா மூக்கைச் சுருக்கினாள்.

“டாக்சிக்காரி மூக்கு பொய் சொல்லாது. முந்தின சவாரி மீன் வாங்கினானா, சண்டை போட்டுட்டு வந்தானா எல்லாம் சொல்லும்.” கண்ணாடிக்குக் கீழே கிடந்த பிளாஸ்டிக் பையை எடுத்து முகர்ந்தாள். ஹீட்டர் சூட்டில் அதில் படிந்திருந்தது இளகி மணத்தது. பேசாமல் அத்தானிடம் நீட்டினாள். அவரும் முகர்ந்தார்.

“வண்டியை எடு” என்றார்.

பட்டறைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டு பத்து. லுத்விக் டெஸ்ட் ரூமில் தனியாக, கெட்டுப்போன தகடுகளில் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டோன் கதவைச் சாத்தினார். ஸ்லாவ்கா பையை மேஜையில் வைத்தாள்.

“அண்ணே, இது எந்தக் கம்பெனி சிகரெட்டு? சாம்பிராணி வாசம் அடிக்குது.”

லுத்விக் தகட்டைக் கீழே வைத்தார்.  கோயிலைக் கேலி செய்பவர் என்ற பெயரை நாற்பது வருஷம் பாடுபட்டுச் சம்பாதித்தவர் அவர். அந்தப் பெயரை இழப்பதைவிட, ஒளிந்து சிகரெட் பிடிக்கிறவர் என்ற பெயர் அவருக்கு லேசாகத் தெரிந்திருக்கிறது.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ரோஸாலியா இருந்தவரை அந்த மூன்று மாலைகளும் அவளுடையவை. அவர் முணுமுணுத்துக்கொண்டே தணல் சட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். அவள் தெளித்துக்கொண்டே பின்னால் வருவாள். இந்தக் கிறிஸ்துமஸ் மாலை தனியாக வீட்டில் உட்கார முடியவில்லை. தன் வீடு என்று சொல்ல இந்தப் பட்டறைதான் பாக்கி. அதுவும் இந்த ஒரு ஆர்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் இருந்தால் என்ன செய்வாளோ அதை அவளுக்காகச் செய்துவிடலாம் என்று தோன்றியது. யாரும் பார்க்காத நேரமாகப் போய்த் தொட்டியில் ஒரு பாட்டில் பிடித்து வந்தார். புகைக்கு அலாரம் அடிக்காமல் இருக்கப் பையை மாட்டிவிட்டு, அறையில் சாம்பிராணி போட்டார்.

“ஆனா தெளிக்கலை” என்றார் ஓட்டோன்.

“எப்படித் தெளிப்பேன்? நாப்பது வருஷமா எலக்ட்ரானிக்ஸ்ல இருக்கேன். மேல ஒரு சொட்டு விழுந்தா கார்டு ஷார்ட் ஆயிடும்னு எனக்குத் தெரியாதா? உள்ள ஓடப்போற தண்ணியோட சேர்த்துட்டா ஆபத்தில்லைன்னு கேன்ல ஊத்தினேன். மூணு மாலையும். தண்ணியோட தண்ணிதானே சார்.”

அனுபவசாலி என்பதால்தான் அவர் மேலே தெளிக்கவில்லை. அனுபவம் இல்லாத ஒருவன் நான்கு சொட்டு தெளித்து ஒரு கார்டைக் கெடுத்திருப்பான். ஓட்டோனுக்கு அடுத்ததைச் சொல்லவே மனசு வரவில்லை.

“லுத்விக், அந்தத் தீர்த்தத்தை எப்பவாவது நாக்குல வெச்சுப் பார்த்திருக்கீங்களா?”

“நானா? இல்லையே. ஏன்?”

“அதுல உப்பு இருக்கு.”

லுத்விக் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு மேஜை மேல் கிடந்த தகட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. பக்கத்தில் இருந்த காலி கேனைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தார்.

“அவரைப் போய்... எல்லார் முன்னாடியும்...” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “சிரிலுக்கு இது தெரியுமா?”

ஓட்டோன் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டிருக்கலாம். கருணைக்கும் ஒரு கணக்கு உண்டு, முழு உண்மையைக் கொடுக்காவிட்டால் அது பாதியில் நிற்கும் என்று நினைப்பவர் அவர்.

“அந்த உப்பைக் கரைக்கிறவரே அவர்தான். உப்புன்னு முடிவு வந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். தொட்டிகிட்ட உங்களைப் பார்த்ததும் அவர்தான். நாலு நாளா உங்க பேரைச் சொல்லாம இருக்கார்.”

ஸ்லாவ்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

 லுத்விக் எழுந்து, வேலை அங்கியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, யார் துணையும் இல்லாமல் தார்யாவின் அறைக்குப் போனார். கதவு சாத்தியிருந்தது. கால் மணி நேரம் கழித்துத் தார்யா மட்டும் வெளியே வந்து, போலீஸுக்கு எழுதிய கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். ஸ்டூடியோவோடு தொலைபேசியில் பேசிவிட்டதாகச் சொன்னார்: சதி இல்லை, தவறு, ஒன்பதையும் பட்டறையே புதிதாக மாற்றித் தரும். அவர்கள் ஒத்துக்கொண்டார்கள், சிரித்துக்கொண்டு ஒத்துக்கொள்ளவில்லை. சிரில் நாளை காலையே வேலைக்கு வரலாம். லுத்விக் ராஜினாமா எழுதிக் கொடுத்திருக்கிறார். அதைப் பற்றித் திங்கட்கிழமை யோசிக்கிறேன், இன்றைக்குப் படிக்க எனக்குக் கண் தெரியவில்லை என்றார்.

வாசலில் லுத்விக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“நாளைக்கு ஷிப்ட் நிக்கும்போது எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன் சார். அது கடமை. ஆனா அதுக்கு முன்னாடி அவரைத் தனியாப் பார்க்கணும். என்னால இப்ப வண்டி ஓட்ட முடியாது. கொண்டுபோய் விடுவீங்களா?”

வழியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று. ஓட்டோன் தெரியாது என்று ஒப்புக்கொண்டார். அறிவுரை சொல்வதில் கெட்டிக்காரி ஸ்லாவ்காதான், அவளிடம் கேளுங்கள் என்றார். ஸ்லாவ்கா யோசித்துவிட்டு, “கதவைத் தட்டுங்கண்ணே. மீதி தானா வரும்” என்றாள்.

சிரிலின் தெருமுனையில் கார் நின்றது. லுத்விக் இறங்கி, பனி மிதிபட மெல்ல நடந்தார். பாதி வழியில் நின்றார். மறுபடி நடந்தார்.

ஸ்லாவ்கா பின்புறக் கண்ணாடியை லேசாகத் திருப்பி அந்தக் கதவு தெரிகிற மாதிரி வைத்தாள். ஓட்டோன் கை நீட்டி அதைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டார்.

“துப்பறியறவங்க பார்க்கக் கூடாதா அத்தான்?”

“கேஸ் முடிஞ்சுபோச்சு. இனிமே நாம வெறும் வழிப்போக்கர்கள்.”

பின்னால் கதவைத் தட்டுகிற சத்தம் வந்தது. தாழ்ப்பாள் விலகியது. ஒரு குரல் ஏதோ ஆரம்பித்தது. ஓட்டோன் ரேடியோவைப் போடச் சொன்னார்.

யாரோ பனிச்சறுக்குப் போட்டி முடிவுகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் முன்னால் பார்த்தபடி, ஒரு பெயர் விடாமல், அதைக் கவனமாகக் கேட்டார்கள்.